புள்ளடி

மழை விட்டு இரண்டு நாள்.
கல்லுண்டாய் வெளியில் வெள்ளம் விடவில்லை.
சைக்கிளைத் தெருவோரம் சாய்த்துவிட்டு
செருப்பை ஒரு கையில், படிவங்களை நெஞ்சோடு
பிடித்துக்கொண்டு நடந்தேன்.
ஒரு படிவத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
நனைந்தால் காசில்லை.

எட்டாம் கேள்வி:
பயனாளி எவ்வகையினர்?
பெண் தலைமைக் குடும்பம். மாற்றுத்திறனாளி.
காணாமல் ஆக்கப்பட்டவரின் உறவினர்.
நாட்கூலித் தொழிலாளி. இடம்பெயர்ந்தவர்.
கீழே, தடித்த எழுத்தில்:
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடுக.

தவமலர் அக்கா ஒரு காலை நீட்டி
மற்றதைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தா.
குப்பை தரம்பிரிக்கிற வேலைக்குத் தந்த
பச்சை மேலங்கி
கொடியில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குப் போடப் போறீர், பிள்ளை?"

நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

"சங்கத்தில சொல்லுறாங்கள்
முதல்ல நிரந்தர நியமனம்,
பொம்பிளையளுக்குக் கக்கூஸ் பிறகு எண்டு.
பதினொரு வருசமா அடக்கிக்கொண்டு நிக்கிறன்.
மகளிர் தினத்துக்கு பஸ் அனுப்புவினம்.
மைக்கைக் கையில தந்திட்டு
சாதியை மட்டும் கதையாதேங்கோ அக்கா,
எல்லாரும் பொம்பிளையள்தானே எண்டுவினம்.
கூட்டம் முடிய மண்டபத்தைக் கூட்டினது
ஆர் எண்டு நினைக்கிறீர்?
அவற்ர படத்தோட கொட்டகையில இருக்கேக்க
பக்கத்தில அழுதுகொண்டிருந்தவ
கண்ணைத் துடைச்சிட்டுக் கேட்டா:
ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"நான் எல்லா இடமும் போறனான்.
போற இடத்துக்கு ஏத்தமாதிரி
ஒவ்வொரு துண்டைக் கழற்றி வைச்சிட்டுப் போறன்."

அவ காலை நினைத்துச் சொல்லவில்லை.
நான்தான் சுவரைப் பார்த்தேன்.

"எங்களோட ஸரூஃபா எண்டு ஒருத்தி,
பழைய இரும்பு நிறுக்கிறவ.
தொண்ணூறில இரண்டு மணித்தியாலத்தில
வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவையாம்.
அவவிட்டயும் போவீரெல்லே?
இடம்பெயர்ந்தது எண்டா
தானாப் போனதோ, துரத்தினதோ எண்டு
அவவுக்கும் ஒருக்கா விளங்கப்படுத்தும்.
துரத்தினது ஆர் எண்டு கேட்டா
என்ன சொல்லுவீர்?"

பிளேன்ரீ தந்தா.
குடித்தேன்.
குடிக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.
அம்மா அறிந்தால் என்ன சொல்லுவா என்பதையும்
அம்மாவுக்கு இதை நான் சொல்லப்போவதில்லை என்பதையும்.
அதற்கு ஏதும் பெட்டி இருக்கிறதா என்று
கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்.
தகவல் சேகரித்தவர்: பெயர், கையொப்பம்.
என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளம் ஏறாத ஒரே இடம் வாங்கு.
படிவத்தை அதில் வைத்துவிட்டு
கோப்பையைக் கழுவ எழும்பினேன்.
வேண்டாம், வையும் என்று அவ மறிக்க
வைக்கவா கழுவவா,
எது மரியாதை, எது தீட்டு என்று தெரியாமல்
நடுவில் நின்றேன்.

அதற்குள் அவவின் கறுத்தப் பேடு
சேற்றுக்காலோடு வாங்கில் ஏறி
எட்டாம் கேள்வியின் மேல்
அவசரமில்லாமல் நடந்து போனது.
நான்கு பெட்டிகளில் நான்கு அடி.
ஐந்தாவது, ஓரத்தில், எதிலும் சேராமல்.

அக்கா சிரித்து, புரையேறி,
கண்ணால் தண்ணீர் வர,
"விடும் பிள்ளை, அதுக்கு வாசிக்கத் தெரியும்."

ஸ்ரான்லி வீதி அலுவலகத்தில் குளிரூட்டி.
மேற்பார்வையாளர் படிவத்தை
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
ஒன்றுக்கு மேல் இருந்தால் கணினி எடுக்காது.
ஆர் போட்டது?
அந்த வீட்டு ஆள் ஒன்று என்றேன்.
புதிது ஒன்று தந்தார்.
பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்.

போட்டால், நாளைக் காலை
அது ஆருடைய கைக்குப் போகும் என்று
எனக்குத் தெரியும்.
மடித்துப் பைக்குள் வைத்தேன்.
சேறு காய்ந்து, உப்பாய் வெளுத்து,
மடிப்பில் உதிர்கிறது.

புதுப் படிவத்தில் எட்டாம் கேள்வி
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
மூன்று நாள்.
அந்த நூற்றைம்பதும் வரவில்லை.